மூன்றாவது டெர்மினலைப் பிடித்திருந்தது யார்

எண்பதுகளின் கடைசியில், தேரடி வீதியில் ஒரு பஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின், அதிலிருந்து வயர் இழுத்த, திரையும் கீபோர்டும் மட்டுமே உள்ள நாலு டெர்மினல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மேனேஜர். மெஷினுக்காவது கொஞ்சம் மூளை இருந்தது.

தினமும் காலையில் நாலு கீபோர்டுக்கும் விபூதி குங்குமம் வைக்க வேண்டும் என்பது அந்த மேனேஜர் மகானின் உத்தரவு. வைப்பது டைப் அடிக்கும் அக்கா. தற்காலிக வேலை அவருக்கு. வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள், ஸ்பெஷல் பஸ்களுக்கு டிரைவர், கண்டக்டர் டூட்டி லிஸ்ட் அடிக்க மூன்றாவது டெர்மினலில் உட்கார்ந்தார் அக்கா. திரை கறுப்பாக இருந்தது. எதைத் தட்டினாலும் ஓர் எழுத்தும் வரவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்தார், உடனே தீர்ப்பு.

“விபூதிய உள்ள கொட்டிட்டியாம்மா? ஜாஸ்தி வெக்காதன்னு சொன்னேனா இல்லியா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத.”

“நான் உக்காரும்போதே இப்படித்தாங்க சார் இருந்துச்சு.” அக்காவின் குரல் உடைந்தது.

வைக்கச் சொன்னதும் இந்த ஆள், வைத்தது குற்றம் என்பதும் இந்த ஆள்! பக்கத்து டெர்மினலில் உட்கார்ந்து, மூன்றாவதை எந்தப் புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மெஷினைக் கேட்டேன். யூனிக்ஸில் அதற்கு ஒரு சின்னக் கட்டளை போதும். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் என்று பதில் வந்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அதை ஓடவிட்டுப் போனவர் யார் என்பதும் அதே வரியில் இருந்தது. மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

“சார், ஏதோ ஒரு புரோகிராம் இதப் புடிச்சினு இருக்கு. நிறுத்திடட்டுமா?”

“என்ன கருமமோ, நிறுத்தித் தொலைய்யா.”

நிறுத்தினேன். மூன்றாவது திரையில் லாகின் கேட்டது. அக்கா தட்டினார், எழுத்து வந்தது.

“கீபோர்டுல ஒண்ணுமில்ல சார். ஜாதகம்தான் ஓடினு இருந்துச்சு.”

“ஜாதகமா? அடப்பாவி! என் பொண்ணுக்கு வந்த வரன் எல்லாத்தையும் போட்டு வெச்சிருந்தேன்யா! பாதியில நிறுத்திட்டியே!”

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. தன் வாயால் என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்பாரா? அதெல்லாம் அந்த ஜென்மத்துக்கு வராது. ஃபேனைப் பார்த்துக்கொண்டே தன் அறைக்கு நடந்தார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். மேனேஜர் அறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

“சார், நாளைக்கு விபூதி கம்மியா வெக்கட்டுங்களா?”