படிக்கிற பிள்ளையைப் பெற்ற பாவத்துக்கு

“ஏனுங்க அண்ணி, உங்க புள்ள படிச்ச படிப்புல எங்க ஊட்ல ரெண்டு நாளா அடுப்பு பத்தலீங்க. காதுகுத்துக்கு நீங்க வாங்க. அவள உட்டுட்டு வாங்க!”

சேந்தமங்கலத்திலிருந்து நாத்தனார், போனில்.

படிக்கிற பிள்ளைக்கு அம்மாவாக இருப்பது முழுநேரமும் மன்னிப்புக் கேட்கிற வேலை. நான் கான்வென்ட்டில் படித்தவள். ஆங்கிலத்தில் மூன்று தினுசாக மன்னிப்புக் கேட்பேன். சேந்தமங்கலத்தில் ஒன்றும் செல்லாது.

கயலுக்கு ஏழு வயசு. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்தவள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்க, இவள் மளிகைப் பொட்டலக் காகிதத்தைப் பிரித்து வாசிப்பாள். அதை எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் ஏரியா முழுக்க நான் பீற்றிக்கொண்டதற்குக் கிடைத்த பலனைக் கேளுங்கள், என்னோடு சேர்ந்து மாட்டிக்கொண்ட அம்மாக்களே.

ஜன்னல் சீட்டு

போன மாதம் நாமக்கல் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். சுவரில் இருப்பதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். நானும் யாராவது பாராட்ட மாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். “அம்மா, மூலம், பௌத்திரம்னா என்ன? ஒரே நாள்ல எப்படிச் சரியாகும்?” என்று கேட்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் குனிந்து சொன்னார்: “அக்கா, பாப்பாவ இந்தப் பக்கம் மாத்தி உக்கார வைங்க. ராசிபுரம் போறதுக்குள்ள இன்னும் நாலு டாக்டர் போர்டு இருக்குதுங்க.”

பத்திரிகை வைத்த நாள்

நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் மகன் காதுகுத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை. தன் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்ப்போம், மூடி வைப்போம். சண்டை வருவதும் அதில்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். “மாமாவுக்குப் படிச்சுக் காட்டு சாமி” என்றேன்.

குலதெய்வத்தில் ஆரம்பித்து, வரவேற்பவர்கள் பட்டியலில் நின்றாள். “மாமா, பெரிய மாமா செத்துட்டாருல்ல? அவரு எப்படிங்க நம்மள வாங்கன்னு கூப்புடுவாரு?”

மூன்று வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த, நாத்தனார் வீட்டுக்காரருடைய அண்ணன், பத்திரிகையில் முதல் ஆளாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார். தங்கள் மூத்த மகள் பெரியவளான சீருக்கு அடித்த பழைய பத்திரிகையை அச்சகத்தில் கொடுத்து, பேரையும் தேதியையும் மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நாத்தனார் வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்: “முன்னூறு பேருக்குக் குடுத்தாச்சுங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. இந்தப் புள்ளைக்கு மட்டும் என்னங்க அவசரம்?”

மண்டபத்தில்

அதற்குத்தான் அந்த போன். செத்துப்போன அண்ணனின் சம்சாரத்துக்கு யார் போய்ச் சொல்வது என்று நாத்தனார் வீட்டில் ரகளை. என் பிள்ளையை விட்டுவிட்டு நான் மட்டும் போய் மொய்ச்சாப்பாடு சாப்பிடுவதா? கூட்டிக்கொண்டுதான் போனேன். வாசலிலேயே முறைத்த நாத்தனாரிடம், “வாயத் திறக்க மாட்டா” என்று சத்தியம் செய்தேன்.

உள்ளே போனதும் அந்த அண்ணன் சம்சாரமே கயலைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, “அவரு பேரு எங்க இருக்குதுன்னு படி சாமி” என்றார். கயல் என்னைப் பார்த்தாள். நான் நாத்தனாரைப் பார்த்தேன். படித்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தாள். அந்த அம்மாள் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“உசுரோட இருந்தப்ப எந்த விசேஷத்துலயும் வாசல்ல நின்னு யாரையும் வாங்கன்னு சொன்னதில்லீங்க. இப்பவாச்சும் சொல்றாரே, இருக்கட்டும் உடுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து நாத்தனாரே வந்து, குடும்பப் போட்டோவுக்குப் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னாள். இனி இவளைப் பற்றிப் பீற்றுவதில்லை என்று நான் எடுத்த முடிவு மேடை ஏறும்வரைகூடத் தாங்கவில்லை. எல்லோரும் வரிசையாக நின்றாயிற்று. பெருமைக்குரியவளோ பந்தியில் மேசைமேல் விரிக்கிற காகிதச் சுருளைப் பிரித்து, அதிலிருந்த நகைக்கடை விளம்பரத்தில் மூழ்கிக் கிடந்தாள். நான் மேடையிலிருந்தே கெஞ்சினேன்:

“கயல், ஒரே ஒரு போட்டோ. மூஞ்சிய மட்டும் காட்டிட்டுப் போ சாமி.”