இரண்டு இனிஷியல், ஒரே ஆள்

கணினியில் நான் பதினொரு வருடம் இரண்டு பெண்களாக இருந்தேன். அப்பாவின் இனிஷியல் போட்டவள், ஃபாக்டரியில் நசுக்கிய தேயிலைக் கொழுந்து ஏன் சிவக்கிறது என்று ஆராய்ந்தாள். கணவரின் இனிஷியல் போட்டவள், வெட்டிவைத்த முதலமடை மாம்பழம் ஏன் கறுக்கிறது என்று ஆராய்ந்தாள். இரண்டுக்கும் காரணம் ஒரே நொதி. அந்த இரண்டு பேரும் நானே என்பதுதான் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

தப்பு என்னுடையது. கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டில் இனிஷியலை மாற்றினேன். அதே உற்சாகத்தில் ஆய்வுக் கட்டுரையிலும் மாற்றிவிட்டேன். தேவிகுளத்தில் கொழுந்து எடுக்கும் எங்கள் பெண்கள் எல்லோரும் பள்ளிச் சான்றிதழில் அப்பா எழுத்தும் மற்ற இடங்களில் கணவர் எழுத்துமாகத்தான் வாழ்கிறார்கள். அவர்களை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை என்பதால் பிரச்சினை இல்லை. என்னைக் காட்டினார்கள்.

போன வருடம் பாலக்காட்டில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தேன். பிறர் எத்தனை முறை நம் கட்டுரைகளை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு வேண்டும். அலுவலகத்தில் மாம்பழக்காரியின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போதாது என்றார்கள். தேயிலைக்காரி வேறு ஒரு டீச்சராம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. விட்டால் அடுத்த நேர்காணல் வருவதற்குள் நான் ஓய்வே பெற்றுவிடுவேன் போலிருந்தது.

இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசில் ஒரு சான்றிதழ் தருவார்கள். ‘ஒன் அண்ட் சேம்’ என்று அதற்குப் பெயர். வாங்கி வரச் சொன்னார்கள். பாலக்காட்டுப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் எலப்புள்ளியிலிருந்து தேவிகுளத்துக்கு மலையேறி, தம்பியோடு தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கும் அம்மாவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அதிகாரி இரண்டு பெயரையும் மாறி மாறிப் படித்துவிட்டு, இதில் யார் உங்கள் மகள் என்று அம்மாவிடம் கேட்டார்.

“ரெண்டும் எம்மகதான் சார். ஆனா நான் ஒருத்தியத்தான் பெத்தேன்” என்றாள் அம்மா.

அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

ஆனால் இரண்டு கணக்கையும் இணைத்ததும் ஒரு புதுத் தொல்லை. தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். மாம்பழக்காரி தன் கட்டுரைகளில் தேயிலைக்காரியைத் தாராளமாகக் காட்டியிருந்தாள். நேற்றுவரை பிறர் பாராட்டாக இருந்ததெல்லாம் இன்று தற்பெருமை என்று கழிந்தது. எலப்புள்ளிக்காரரான என் கணவர் சிரித்தார். “ஏனுங்க, பேசாம ரெண்டு பேராவே இருந்திருக்கலாமுல்லங்க?”

இருந்திருக்கமாட்டேன். எனக்கு வேண்டியது என் கணக்கு. இன்னொருத்தி வேஷத்தில் வாங்கிய கைதட்டல் எனக்கு எதற்கு? கழித்தது போக, தேவையான அளவைக் கொஞ்சமாகத் தாண்டியே நின்றது. எனக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

நேர்காணலில் குழுத் தலைவர் என் மாம்பழக் கட்டுரை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். ஒரு வரியின் கீழே சிவப்புக் கோடு. முந்தைய தேயிலை ஆய்வில் வெப்பநிலை கவனமாகப் பார்க்கப்படவில்லை என்று நான் எழுதிய வரி. எண்ணிக்கை இருக்கட்டும், உங்கள் வேலையை நீங்களே குறை சொன்னால் எந்த வேலையை நாங்கள் நம்புவது என்று கேட்டார்.

“அந்தக் குறைய வேற யாரும் கண்டுபிடிக்கல சார். நான்தான் கண்டுபிடிச்சு, மறைக்காம எழுதினேன். அதனால ரெண்டையும் நம்பலாம்” என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தலைவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

ஆணை வந்த அன்று காலை முதல் வேலையாக அம்மாவைப் போனில் அழைத்து, பேராசிரியர் ஆகிவிட்டேன் என்றேன். அம்மா மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

“ஒருத்திக்கா, ரெண்டு பேருக்குமா?” என்றாள்.

“நீ பெத்தவளுக்குத்தாம்மா” என்றேன்.