போனில் மகளின் சர்க்கரை

மல்லிநாதன் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆரணியிலிருந்து பட்டுப் புடவை பண்டல்களைப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் லாரி ஏற்றி அனுப்பும் பார்சல் ஆபீஸ் அவருடையது. ஆபீசில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் பெரும்பாலும் அவர் துண்டுதான் உட்கார்ந்திருக்கும். அவர் வாசலுக்கும் எடை மிஷினுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார், கையில் போனோடு.

"நயினாரே, மொதல்ல பண்டல பாருங்க. போன் எங்க ஓடிப் போவுது?" என்று புடவைக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள்.

"பாத்துகினுதான இருக்கறேன்" என்பார், போனைப் பார்த்தபடியே.

அவர் ஷேர் மார்க்கெட் பார்க்கிறார் என்று கடைத்தெருவில் பேச்சு இருந்தது. அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. திரையில் ஒரு நம்பர், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நம்பர் மாறும். அம்பு மேலே பார்த்தால் மல்லிநாதன் வாய்க்குள் முணுமுணுப்பார். கீழே பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அது அவருடைய ஒரே மகள் ஸ்ருதியின் ரத்தச் சர்க்கரை.

ஸ்ருதிக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது அவள் நான்காம் வகுப்பு. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், குச்சியாக இளைத்தாள், ஒரு நாள் பள்ளிக்கூடத்திலேயே சுருண்டு விழுந்தாள். வேலூரில் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: இந்தக் குழந்தையின் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, இனி ஆயுசுக்கும் வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அம்மா திரிசலாவுக்கு ஊசியைப் பார்த்தாலே கை உதறியது. ஆகவே மல்லிநாதன் கற்றுக்கொண்டார். எறும்புப் புற்றைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகும் சமணக் குடும்பம் அது. அந்த வீட்டு மனிதர் தன் பிள்ளையின் தொடையிலும் வயிற்றிலும் தினம் நான்கு வேளை ஊசி குத்தினார். சர்க்கரை திடீரென்று இறங்கினால் பல் ஈறில் தேன் தடவச் சொல்லியிருந்தார் டாக்டர். தேனீக்களை வதைத்து எடுப்பதென்று அந்த வீட்டில் தேன் சேர்ப்பதில்லை. அதற்குப் பதில் குளுகோஸ் பவுடர் டப்பா வந்தது. பொழுது சாய்ந்தபின் யாரும் வாயில் எதுவும் போடாத வீட்டில், வேர்த்து நடுங்கும் மகளுக்கு மட்டும் அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு டம்ளரில் கரைத்துக் கொடுப்பார். அவள் குடித்து முடித்துக் கண் தெளியும்வரை எதிரிலேயே நிற்பார்.

அந்த ஸ்ருதி வேளாண்மை படித்து, பரீட்சை எழுதி, வேளாண்மை அலுவலராகத் தெள்ளாருக்குப் போனாள். கூட வேலை பார்க்கும் புஷ்பலதாவோடு சேர்ந்து வந்தவாசியில் ஒரு வீடு எடுத்துத் தங்கினாள். சம்பளத்தில் சேர்த்து வைத்து இன்சுலின் பம்ப் வாங்கிக்கொண்டாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. சுடிதாருக்குள் இடுப்பில் செருகியிருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுத் தோலுக்குள் போய், நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இன்சுலின் விடும். சாப்பாட்டுக்கு முன் பட்டனை அழுத்தினால் அதற்கு வேண்டியது தனியாக இறங்கும். மேல் கையில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். சர்க்கரை எவ்வளவு என்று அது அவள் போனுக்குச் சொல்லும். அங்கிருந்து அவள் அனுமதிக்கிறவர்களின் போனுக்கும் போகும்.

"இனிமே ஊசி கவல உங்களுக்கு வேணாம்ப்பா. இங்கயே பாத்துக்கலாம், நான் நல்லா இருக்கறனா இல்லயான்னு" என்று அவளேதான் அவர் போனில் அதை ஏற்றிக் கொடுத்தாள். அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று செய்தது.

நிம்மதி அன்றோடு போயிற்று.

முன்பெல்லாம் நாளைக்கு நாலைந்து தரம்தான் நம்பர் தெரியும். நடுவில் இருப்பது தெரியாது, அதனால் மனசு ஓய்ந்திருக்கும். இப்போது ஓய்வே இல்லை. பல் தேய்க்கும்போதும் பார்த்தார், ஜினாலயத்தில் கண்ணை மூடி நிற்கும்போதும் சட்டைப் பையில் அது அதிர்கிறதா என்று காது கொடுத்தார். நம்பர் இருநூற்று நாற்பது என்றால் போன் போடுவார்.

"இன்னாம்மா சாப்ட்ட? ஏறிகினே போவுதே!"

"இட்லிப்பா. டோஸ் போட்டுட்டேன். எறங்கும்."

கால் மணி கழித்து மறுபடி: "எறங்கலியே?"

"அப்பா, நான் வயல்ல நின்னுகினு இருக்கறேன்."

திரிசலா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்: "ஏங்க, அவ கவர்மெண்ட்டுக்கு வேல செய்றாளா, உங்களுக்குப் பதில் சொல்ற வேல செய்றாளா? ஒரே பேஜாரா இருக்குது எனக்கே."

அவருக்குக் காதில் ஏறவில்லை.

வெயில் கொளுத்திய ஒரு முற்பகல். நம்பர் எழுபத்து நான்கு, அம்பு கீழே. அடுத்து அறுபத்தாறு. அடுத்து ஐம்பத்தெட்டு. போன் போட்டார், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரையில் நம்பர் இருந்த இடத்தில் வெறும் கோடு. புஷ்பலதாவின் நம்பர் அவரிடம் இல்லை. இத்தனை நாளில் அதை வாங்கி வைக்கத் தோன்றவில்லை.

"துரை, ஆபீச பாத்துக்க" என்று பண்டல் தூக்கும் ஆளிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். வழியில் ஒரு பெட்டிக்கடையில் மாம்பழ ஜூஸ் பாக்கெட் வாங்கிப் பையில் போட்டார். சேத்துப்பட்டில் நிறுத்திப் பார்த்தார்: கோடு. வந்தவாசியில் பார்த்தார்: கோடு. வயல் வரப்பில் மயங்கிக் கிடக்கிறாளோ, பஸ்ஸில் தூங்குகிறாள் என்று பக்கத்தில் இருப்பவர்கள் விட்டுவிட்டார்களோ. ஒவ்வொரு மைல் கல்லுக்கும் மனசு புதிதாக ஒன்றைக் கட்டிக் காட்டியது. காற்று முகத்தில் அனலாக அடித்தது. ஹெல்மெட்டை ஆரணியிலேயே விட்டுவிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

தெள்ளாரில் வேளாண்மை ஆபீஸ் கூடத்தில் நிலக்கடலை விதைநேர்த்திப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பெஞ்சு நிறைய விவசாயிகள். ஸ்ருதி மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நேராக, தெளிவாக, சிரித்த முகமாக. அவள் நன்றாக இருக்கிறாள் என்பதைக் கண் பார்த்தது. கால் நிற்கவில்லை.

"ஸ்ருதி, குடி! மொதல்ல இத குடிம்மா!" பாக்கெட்டை நீட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஓடினார்.

கூடம் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். முன் வரிசைப் பெரியவர் ஒருவர், "இன்னாம்மா, உடம்பு சரியில்லியா? சக்கரயா? இந்த வயசுலியா?" என்று கேட்டார்.

ஸ்ருதியின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு மைக்கிலேயே, "எங்கப்பா. வெயில்ல வந்திருக்காரு" என்று சொல்லி, அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னாள். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். அந்த நாற்காலியில் மல்லிநாதன் கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். ஜூஸ் பாக்கெட் மடியில் சூடாகிக்கொண்டிருந்தது.

எல்லாரும் போனபின் விதை குடோனுக்குப் பின்னால் அவரை அழைத்துப் போனாள்.

"கீழ போவுதுன்னு எனக்கே தெரிஞ்சிதுப்பா. ஒடனே குளுகோஸ் சாப்ட்டேன். அப்பறம்தான் மைக்கப் புடிச்சேன். அந்த சென்சார் நேரா ரத்தத்த அளக்கல. தோலுக்குக் கீழ இருக்கற தண்ணியத்தான் அளக்குது. நான் சரியாயி கொஞ்ச நேரம் கழிச்சிதான் அதுக்கே தெரியும். இங்க டவர் வேற வந்து வந்து போவும்."

"நான் போன் போட்டப்ப ஒரு வார்த்த எடுத்து சொல்லியிருக்கலாமில்ல?"

"ரெண்டு பேர் எழுந்து சந்தேகம் கேட்டுகினு இருந்தாங்க." குடோன் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இத்தன மாசமா இவங்களுக்கு நான் ஆபீசர்ப்பா. இன்னிலேர்ந்து சீக்காளி."

மல்லிநாதன் ஜூஸ் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். அவர் ஆரணி வந்து சேர்வதற்குள் ஸ்ருதி அவர் போனுக்கு வந்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் அவரைப் படாத பாடு படுத்தின. நம்பர் இல்லாத திரையை நம்பர் இருந்தபோது பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்தார். ஹைதராபாத் பண்டல் பெங்களூருக்குப் போயிற்று. ஒரே பண்டலை இரண்டு தரம் எடை போட்டு இரண்டு தரமும் மறந்தார். போனில் பேசும்போது சர்க்கரையைப் பற்றிக் கேட்டால் வைத்துவிடுவேன் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆகவே, "அங்க மழ உண்டா?" என்று கேட்டார். "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"அதுவும் நம்பர் கேக்கற மாதிரிதான்ப்பா."

அதையும் விட்டார். திரிசலாவைக் கேட்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். திரிசலா போனைக் காதிலிருந்து எடுத்து, "இந்தாங்க, நீங்களே பேசுங்க" என்று கொடுத்துவிட்டாள்.

மெல்ல மெல்லக் கொஞ்சம் தணிந்தது. வெம்பாக்கத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மல்லிநாதன் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார், மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி பண்ணிச் சிரித்தார். திரும்பும்போது பஸ்ஸில் தூங்கினார். இறங்கும்போது திரிசலா, "இன்னிக்கு நீங்க போனயே எடுக்கல" என்றாள். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த மாதம் புஷ்பலதா ஆரணிக்கு வந்தாள், தன் தங்கைக்கு முகூர்த்தப் புடவை எடுக்க. நல்ல கடையாகக் காட்டச் சொல்லி ஸ்ருதிதான் அப்பாவிடம் அனுப்பியிருந்தாள். புஷ்பலதா சத்தமாகப் பேசுகிறவள், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். தெரிந்த கடை ஒன்றில் உட்கார வைத்தார். புடவைகள் மலை மாதிரி விரிந்துகொண்டிருந்தபோது அவள் கைப்பைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

மல்லிநாதனின் கை தன் சட்டைப் பைக்குப் போயிற்று. அவர் எலும்புக்குத் தெரிந்த சத்தம்.

புஷ்பலதா போனை எடுத்துப் பார்த்தாள், ஏதோ இரண்டு வார்த்தை தட்டினாள், பதில் வந்ததும் உள்ளே போட்டாள். "அந்த அரக்கு பார்டர் எடுங்கண்ணா" என்றாள் கடைக்காரரிடம்.

"அது… ஸ்ருதியோடதா?"

"ஆமாங்க அங்கிள். இப்ப எனக்குத்தான் வருது. பிஸ்கட் சாப்ட்டுகினு இருக்கறாளாம்."

பெற்றவனை நிறுத்திவிட்டு நேற்று வந்தவளுக்குக் கொடுத்திருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு விரித்த புடவையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். புஷ்பலதா அதைக் கவனிக்கவில்லை.

"நல்ல வேள அங்கிள், எனக்கு வந்துகினு இருந்துது. இல்லன்னா அன்னிக்கு வாந்தி எடுத்தப்ப நாங்க சாப்பாடு ஒத்துக்கலன்னு விட்டிருப்போம்."

"என்னிக்கு?"

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் பாதியில் நிறுத்தவும் தெரியவில்லை. தோலுக்குள் இருக்கும் குழாய் நுனி மடங்கிப்போயிருந்தது. பம்ப் ஓடுகிற மாதிரியே ஓடிற்று, அலாரம் அடிக்கவில்லை, ஆனால் இன்சுலின் உள்ளே போகவில்லை. சர்க்கரை நானூறைத் தொட்டது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல். ஃப்ரிட்ஜிலிருந்து இன்சுலின் பேனா ஊசியை எடுத்துப் புஷ்பலதாதான் போட்டாள். ஆட்டோவில் வந்தவாசி ஆஸ்பத்திரி, அங்கே டிரிப்ஸ். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

தேதியைக் கேட்டார். வெம்பாக்கம் கல்யாணத்தன்று.

மல்லிநாதன் கடைப் பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பந்தியில் தான் சிரித்த சிரிப்பு அவர் காதில் கேட்டது.

"பயந்தாளா?" என்று கேட்டார் கடைசியில்.

"பயந்தா அங்கிள். என் கைய கெட்டியா புடிச்சிகினா. ஆனா எது எடுக்கணும், எவ்ளோ போடணும், எப்ப ஆஸ்பத்திரிக்குப் போவணும், எல்லாம் அவதான் சொல்லிகினு இருந்தா. எனக்கு இன்னா தெரியும்? அப்பாகிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டா. 'ஸ்கூட்டர எடுத்துகினு கெளம்பிடுவாரு, அவரு வந்து சேர்ற வரிக்கும் எனக்கு அவர பத்தின பயம் வேற தனியா இருக்கும்'னா."

வீட்டுக்கு வந்ததும் அவர் கை ஸ்கூட்டர் சாவியைத் தேடிற்று. எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். திரிசலா விஷயத்தைக் கேட்டு அழுதுவிட்டு, அழுகையோடேயே அவர் வழியை மறித்து நின்றாள். பிறகு போனை எடுத்தார்.

"புஷ்பலதா சொல்லிட்டா."

"தெரியும். அவளே போன் பண்ணி அழுதா. திட்டுங்க."

"திட்டல." கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். "நான் வரட்டுமா?"

எப்போதும் அவர் வந்துவிட்டுத்தான் சொல்வார். ஸ்ருதி யோசித்துப் பதில் சொன்னாள். "ஞாயித்துக்கெழம வாங்க. அம்மாவயும் இட்டுகினு வாங்க. பஸ்ல வாங்க."

போனார்கள். திரிசலா சமையலைக் கையில் எடுத்துக்கொண்டாள். மல்லிநாதன் நான்கு பேர் உட்கார இடமில்லாத அந்த வீட்டில் நடக்க வழி தேடிக்கொண்டிருந்தார். சாப்பிட்ட பின் ஸ்ருதி அவர் போனை வாங்கி என்னவோ செய்தாள். நம்பர் வராது. ஆபத்தான அளவுக்கு இறங்கினால் மட்டும் ஒரு அலாரம் வரும். வந்தால் முதலில் புஷ்பலதாவைக் கூப்பிட வேண்டும். அவள் எடுக்காவிட்டால்தான் வேறு எதுவும்.

"ஒத்துக்கறீங்களா?"

"ஏறினா வராதா?"

"வராது."

"அன்னிக்கு மாதிரி நானூறு போனா?"

"அதுக்குப் புஷ்பா இருக்கறா. நான் இருக்கறேன். அப்பா, ஒண்ணு இதோட விடுங்க, இல்லன்னா இதுவும் வேணாம்."

ஒத்துக்கொண்டார். அதற்குப் பின் இரண்டு முறை அலாரம் வந்தது. முதல் முறை அவர் புஷ்பலதாவுக்கு போன் போடும்போதே தெருக்கோடிக்கு வந்துவிட்டிருந்தார். "சாப்ட்டுகினு இருக்கறா அங்கிள், நீங்க உக்காருங்க" என்றாள். இரண்டாம் முறை ஆபீஸ் வாசலோடு நின்றார். துரை அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஜல்தியா நின்னுட்டீங்க" என்றான்.

போன வாரம் பேசும்போது ஸ்ருதி சாதாரணமாக ஒன்று சொன்னாள். புஷ்பலதாவுக்கு டிரான்ஸ்ஃபர் வரும்போல் இருக்கிறது, தர்மபுரி பக்கமாம்.

மல்லிநாதன் பண்டலைக் கீழே வைத்தார். "அப்ப அந்த எடத்துக்கு யாரு வராங்க?"

"தெரிலப்பா. வந்தாதான் தெரியும்."

"பொண்ணா? உள்ளூரா?"

"அப்பா."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்றார். போனை வைத்துவிட்டு, லாரி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தும், தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.