ஏறத் தெரியாத மாப்பிள்ளை

என் நண்பனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், ஏறத் தெரியாது. அந்தக் காலத்து மதுரையில் இப்படி நிறையப் பேர் இருந்தார்கள். வாடகைக்கு எடுத்த உயரமான வண்டியை மைல்கல் வரை தள்ளிக்கொண்டு போய், கல்மேல் நின்று சீட்டில் உட்கார்ந்து, காலால் ஒரு உந்து உந்திவிட்டால் அடுத்த ஊர் வரை ராஜாதான். இறங்க மட்டும் ஒரு சுவரோ மரமோ வேண்டும்.

அவனுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் பேசியிருந்தார்கள். பேசப் போன இடத்தில் அவன் அம்மா, "எம் மகன் மதுரையில சைக்கிள்லதான் வேலைக்குப் போறான்" என்று அளந்துவிட்டு வந்துவிட்டார். "அப்ப சைக்கிள்லயே வரட்டும், ஊரு பாக்கட்டும்" என்றாராம் பெண்ணின் அப்பா. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து பயலுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் கைநழுவினால் என்ன ஆவானோ என்று எனக்கே பயம். துணைக்குப் போனேன்.

வாடகைக் கடைக்காரர் கல்யாண காரியம் என்றதும் இரண்டு வண்டிக்கும் ஹேண்டில்பாரில் மயிலிறகு செருகி, சக்கரக் கம்பிகளில் கலர்க் காகிதம் சுற்றிக் கொடுத்தார். விடிந்ததும் கிளம்பினோம். நாகமலை வலப்பக்கம் கூடவே வந்தது. புளியமர நிழல், மாட்டுவண்டிச் சத்தம், சோளக்காட்டிலிருந்து வந்த ஈரக் காற்று எல்லாம் எங்களுக்கென்றே ஏற்பாடு செய்தது மாதிரி இருந்தன. ஆளில்லாத ரோட்டிலும் பெல்லை அடித்துக்கொண்டே போனோம். நான் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டிக் காட்டினேன். பார்ப்பதற்குத்தான் ஆடுகளைத் தவிர யாருமில்லை.

பெண் வீட்டு வாசலில் ஊரே நின்றது. கூட்டத்துக்கு இந்தப் பக்கம் பிடித்து இறங்கச் சுவரில்லை, மரமுமில்லை. நண்பன் யோசிக்கவே இல்லை, நேராக வைக்கோல் படப்புக்குள் வண்டியை விட்டான்.

"மதுரையில இப்பிடித்தான் நிறுத்துவோம், தரையில விட்டா டயர் சூடாயிரும்" என்று நான் வாய்க்கு வந்ததை உளறினேன். பெண்ணின் அப்பா தலையை ஆட்டி, என் வண்டியையும் வாங்கிப் படப்பில் செருகி வைத்தார்!

"அம்புட்டுத் தூரமும் மிதிச்சா வந்தீக?" என்று கேட்டுக் கேட்டுப் பணியாரம் போட்டார். பெண் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். நண்பன் பணியாரத்தைப் பிட்டுப் பிட்டு இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். எப்படியும் திரும்பக் கிளம்பித்தானே ஆக வேண்டும்.

கிளம்பும்போது அவர், "மாப்ள, ஏறுங்க. பிள்ளைக எல்லாம் பாக்கணும்னு நிக்கிதுக" என்றார். நண்பன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் இன்னொரு பொய்க்கு வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

"எனக்கு ஏறத் தெரியாது மாமா. ஓட்ட மட்டுந்தான் தெரியும். படப்புல விட்டதும் இறங்கத் தெரியாமத்தான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன். என் வாயை எங்கேயாவது கழற்றி எறியலாம் போல இருந்தது.

அப்போது அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். திமிறுகிற காளையைப் பிடிக்கிறவள் மாதிரி காலை அகல ஊன்றி, ஒரு கையால் சீட்டையும் மறுகையால் கேரியரையும் பிடித்தாள்.

"நான் பிடிச்சுக்கிறேன். ஏறுங்க."

அவன் ஏறினான். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஊர்க்கோடி வரை ஓடினாள்.

"கழுத, வெக்கத்த விட்டுட்டுப் போறாளே!" என்று சத்தம் போட்ட அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பி, "தைக்குள்ள வச்சுக்கிருவோம்னு அவுக அம்மாகிட்டச் சொல்லிருங்க" என்றார்.

என் வண்டியை நானே படப்பிலிருந்து உருவி, தாவி ஏறி, ரோட்டுக்கு வந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாகச் சைக்கிள் விடத் தெரிந்திருந்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.