மேகத்தைக் கண்டு ஓடியவள்

ஆஸ்திரியாவுக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. இங்கே உறைபனிக் காலத்திலும் காலையில் எழுந்ததும் ஜன்னலை அகலத் திறந்துவிடுகிறார்கள். காற்று உள்ளே வரவேண்டுமாம். எண்ணூரில் பிறந்தவளுக்கு இது என்ன புத்தி என்றுதான் தோன்றும். காற்றை உள்ளே விடாமல் இருக்கத்தானே நாங்கள் ஜன்னலுக்குக் கதவே வைத்தோம்? நான் சாத்தியே வைத்திருந்ததில் சுவரில் பூஞ்சை பிடித்து, வீட்டுக்காரம்மாள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

முதியோர் இல்லத்தில் என்னோடு துணி வெளுக்கும் ஹெல்கா, எனக்கு நல்ல காற்றுதான் மருந்து என்று சொல்லிப் போன மாதம் மலையேற அழைத்துப் போனாள். மரங்களெல்லாம் கீழே நின்றுவிட, ஒற்றையடிப் பாதை பாறைச் சரிவை ஒட்டிப் போனது. மூச்சு வாங்கினாலும் சந்தோஷமாகத்தான் நடந்தேன். எதற்கோ திரும்பிப் பார்த்தபோது, பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக ஒன்று தரையோடு தவழ்ந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

எண்ணூரில் ஒரு விடியற்காலை இதே மாதிரிதான் வந்தது. பக்கத்து ஆலையின் குழாயில் வாயுக் கசிவு. கண் எரிந்து, தொண்டை அடைத்து, வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணன் செல்வம் துண்டை நனைத்து என் முகத்தில் கட்டினான். "நிக்காதமே, காத்துக்குக் குறுக்கால ஓடு" என்று இழுத்துக்கொண்டு போனான். ஓட முடியாமல் பின்தங்கிய அம்மாவுக்கு அன்றிலிருந்து இளைப்பு.

மலையில் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஞாபகத்தில் இருந்தது. பாட்டில் தண்ணீரைத் துப்பட்டாவில் கவிழ்த்து மூக்கைக் கட்டினேன். பாதையை விட்டு, காற்றுக்குக் குறுக்கே சரிவில் ஓடினேன். கற்கள் காலடியில் உருண்டன. சறுக்கிப் போய் ஒரு பாய் அகலமே இருந்த திட்டில் நின்றேன். அதற்குள் வெள்ளை என்னை மூடிவிட்டது. ஏறவும் வழி தெரியவில்லை, இறங்கவும் தெரியவில்லை.

மேலேயிருந்து ஹெல்கா, "ஷ்டேஹென் ப்ளைபென்" என்று கத்தினாள். அசையாமல் நில் என்று அர்த்தம்.

"மூக்கை மூடிக்கொள்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் நானும் கத்தினேன்.

"மூக்கில் அடிபட்டுவிட்டதா?"

நிற்கச் சொல்கிறாளே பாவி, இரண்டு பேரும் செத்துப்போவோமே என்று அழுகை வந்தது. உடம்பெல்லாம் ஓடு ஓடு என்றது. கால் வைக்க இடமில்லை. மூச்சை அடக்கி அடக்கி, முடியாமல் ஒருமுறை இழுத்துவிட்டேன். எரியவில்லை. நாற்றமும் இல்லை. அப்போதும் நம்பவில்லை.

மேகம் விலகியபோது, என் ஷூ முனைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வெகு கீழே ஒரு ஏரி கிடந்தது. ஹெல்கா மெல்ல இறங்கி வந்து, ஊன்றுகோலை நீட்டி என்னை மேலே ஏற்றினாள். என் ஈரத் துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இன்னாமே நீ, மேகத்தப் பாத்தா ஓடுன?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பின்னால் அம்மாவும் இருமுவது கேட்டது.

"இன்னாண்ணா, மறுபடியுமா?"

"மத்தியானத்துலேர்ந்து நாத்தம் அடிச்சிகினு கீது. ஜன்னல சாத்திகினு உள்ளாற உக்காந்துகினு கீறோம்."

"ஓடலியா?"

"அம்மாவ வெச்சிகினு எங்கமே ஓடறது? எத்தினி வாட்டிதான் ஓடறது?"

வீட்டுக்காரம்மாள் சொன்னபடி என் அறை ஜன்னல் அகலத் திறந்திருந்தது. மலைக்காற்று ஜிலுஜிலுவென்று வந்துகொண்டிருந்தது. போனில் அம்மா இருமிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.