கழற்றும் முன் ஒருதரம்

மல்லாபூர் பட்டறையில்தான் அந்த மெக்கானிக்கைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்மூடிக் கேட்பார்.

அப்பாவின் பழைய ஜப்பான் காரில், அபூர்வமாகக் கிடைத்த, வேகத்துக்குப் பேர்போன ட்வின்கேம் இன்ஜினைப் பொருத்தச் சொல்லியிருந்தேன். பழையதைக் கழற்றும் முன் ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார்.

"நக்கோ, வேணாம் சார், மாத்தாதீங்க. இதுல ஒரு குறையும் இல்ல. நீங்களே ஒருதரம் கேளுங்க."

"டைம் இல்லங்க, கழட்டுங்க" என்றேன். கழற்றியதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

கார் இப்போது பறக்கிறது. கண் தெரியாமல் போன அப்பா, முன்பெல்லாம் அது தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு வந்துவிடுவார். இப்போது நான் வந்து நின்றாலும், "யாரோ வந்திருக்காங்க பாரு" என்று அம்மாவிடம் சொல்கிறார்.

அன்று அந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கிக் காதில் வைத்திருக்கலாம்.