இரண்டு சிவப்புப் புள்ளி

ரைஸ் குக்கரைக் கவிழ்த்து, அடியில் கியூடெக்ஸ் நகப்பூச்சால் இரண்டு சிவப்புப் புள்ளி வைத்து, வாயால் ஊதிக் காயவைக்கிறார் கஜேந்திரன். என் பக்கத்து ஃபிளாட்காரர். வெள்ளவத்தையில் எட்டு வருடமாக ஒரே மாடியில் இருக்கிறோம். அவர் வீட்டில் புள்ளியில்லாத பொருளே இல்லை. கைபேசியின் முதுகில்கூட இரண்டு.

“ஒருக்கா ரேடியோவைத் திருத்தக் குடுத்தனான். திரும்பி வரேக்கை கூடு மட்டும்தான் என்ரை, உள்ளுக்கு இருந்தது ஆற்றையோ!”

அன்று பிடித்த பயம். திருத்துகிற பாஸ்மாரின் வாசலையே அதன்பின் மிதித்ததில்லை. குழாய், ஃபேன், செருப்பு எல்லாம் தன் கையாலேயே. எப்போதாவது கொடுக்க நேர்ந்தால் அடையாளம் இருக்கட்டும் என்றுதான் இந்தப் புள்ளிகள். “பாஸிட்டைக் குடுக்கிறதும் கடலிலை போடுறதும் ஒண்டு” என்பார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்தக் கையை மட்டும் சும்மா வைத்திருக்கத் தெரியாது.

போன செவ்வாய் அந்தக் கை மகளின் வயலினில் பட்டது. நிஷாந்திக்குச் சனிக்கிழமை பரீட்சை. தூசு துடைக்கிறேன் பேர்வழி என்று நான்கு தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டார். தந்தியின் இறுக்கத்தில் உள்ளே நிற்கிற சிறு குச்சி விழுந்து கடகடத்தது. விடுவாரா? ஈர்க்கில் குத்தி எடுத்து, சுப்பர் குளூ பூசி உள்ளே ஒட்டினார். தந்தியை முறுக்கியபோது மேற்பலகை முனகியது. பெட்டியோடு என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“இதை ஒளிச்சு வையுங்கோ. பிள்ளை பார்த்தா நான் செத்தன்.”

தந்தி மாற்ற பாஸிடம் கொடுத்திருப்பதாக மகளிடம் சொன்னாராம். “நீங்களோ? பாஸிட்டையோ?” என்று அவள் ஒரு மாதிரிப் பார்த்தாளாம். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வயலின் இருந்த என் அலுமாரியைத் திறக்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை வயலினோடு அவரை மருதானைக்குக் கூட்டிப்போனேன். வாத்தியம் திருத்துகிற ஸாலிஹ் பாஸ் டோர்ச் அடித்து வயலினுக்குள் பார்த்தார்.

“யா அல்லாஹ்! இதுக்குப் பசை பூசுவாங்களா? இது இறுக்கத்துல நிக்கிற சாமான். பேத்தெடுக்கக்குள்ள பலகை பிளந்தா என்னக் கேக்க வேணாம். வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு அந்திக்கு வாங்க.”

“நான் இதிலையே இருந்து பாக்கட்டே, பாஸ்?”

“நீங்க பாத்துட்டு ஈந்தா என் கை நடுங்கும்.”

கஜேந்திரனின் கை சட்டைப்பைக்குப் போனது. கியூடெக்ஸ் போத்தல் பாதி வெளியே வந்தது. பாஸ் அதையே பார்த்தார். போத்தல் திரும்ப உள்ளே போனது.

அப்போது கஜேந்திரனின் கைபேசி அடித்தது. திரையில் நிஷாந்தியின் பெயர். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

“எடுங்கோ” என்றேன்.

“எடுத்தா என்னெண்டு சொல்ல? பயமாக் கிடக்கு. அவள் அழுதா என்னாலை தாங்கேலாது.”

சட்டென்று, அடித்துக்கொண்டேயிருந்த அந்தக் கைபேசியை, இரண்டு சிவப்புப் புள்ளியும் தெரிய, இரு கையாலும் பாஸிடம் நீட்டினார்.

“இதையும் நீங்களே ஒருக்காப் பாருங்கோ, பாஸ்.”